மூங்கிலுக்குள் ஒரு குடித்தனம்

துணி எடுப்பதற்காக வெளியே வந்தேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. லாலாங் புல்லின் நுனிகளில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் என் கணவர் பக்கத்துத் தோட்டத்துச் சீனரிடம் கேட்டு ஒரு பச்சை மூங்கிலை வாங்கி வந்து, இரண்டு கவட்டைக் கம்புகளின் மேல் எனக்குத் துணி காயப்போடும் கழியாகப் போட்டுக் கொடுத்திருந்தார். வெட்டிய முனையில் இன்னும் ஈரம் காயவில்லை.

அவருடைய காக்கிச் சட்டையை உருவும்போது கழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்தால் வருமே, அதைப் போல. மெல்லிசாக, விட்டு விட்டு.

குனிந்து பார்த்தேன். கணுவுக்குச் சற்று மேலே உண்டியல் வாய் போல நீளமாக ஒரு கீறல். காசை நிமிர்த்திப் போட்டால்தான் உள்ளே போகும், அவ்வளவு ஒடுக்கம். அதிலிருந்து ஏதோ ஒன்று பிதுங்கியது. கரப்பான்பூச்சி என்று நினைத்துச் சட்டையை ஓங்கினேன். அது தட்டையாக வெளியே நழுவி, கழியில் ஒரு கணம் தொற்றி நின்று, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டுத்துணி போல விரிந்து பறந்தது.

வௌவால். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு வௌவால்.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

காப்பிக் குவளையோடு ஓடி வந்தார். "என்ன, பாம்பா?"

"வௌவாலுங்க. கழிக்குள்ளேருந்து வருது."

"கழிக்குள்ள எப்படிலா வௌவால் இருக்கும்?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒன்று அவர் காதை உரசிக்கொண்டு போனது. காப்பி பாதி சட்டையில் கொட்டியது.

எல்லாம் போன பிறகும் அந்தக் கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. டார்ச்லைட்டை எடுத்து வந்து கீறலுக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு குட்டிகள். மேலே முடியே இல்லை. இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு மூங்கில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே பறந்ததில் ஒன்று மட்டும் தூரம் போகாமல் துணிகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வந்தது.

"இதைத் திரும்பக் கொண்டுபோய் வெட்டின இடத்துலயே வைக்கணுங்க."

"இருட்டப் போகுது தனம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் இதுங்க பால் இல்லாம கிடக்குமா?"

எங்கள் வீட்டில் குழந்தை, பால் என்ற பேச்சு வந்தால் அவர் அதற்குமேல் பேசமாட்டார். கழியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.

நான் என்ன ரகசியமா?

சென்ற வாரம் இந்தப் பத்தியில் சிங்கப்பூர் தேக்கா சந்தையின் பழைய நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் மகள் லெட்சுமி தொலைபேசியில் அழைத்தாள்.

"பூக்காரர், மீன்காரர் எல்லாரைப் பத்தியும் எழுதிட்டீங்க. என் கதைக்கு எப்பம்மா வருவீங்க?"

"எழுதலாமா?"

"நான் என்ன ரகசியமா? எழுதுங்கம்மா."

அவள் கதை அந்த மூங்கிலில்தான் தொடங்குகிறது. அவள் இப்போது குடியிருப்பது தெம்பனிஸில், பன்னிரண்டாவது மாடியில். அந்த மூங்கில் புதர் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். எங்கே என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை. ரயில் நிலையமும் கடைத்தொகுதிகளும் பள்ளிக்கூடங்களும் வந்துவிட்டன. ஒருமுறை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நடந்து பார்த்தேன். மேடு பள்ளம்கூட மாறிவிட்டது.

மசாலா மில் மாடி

லாலாங் காட்டுக்கு நாங்கள் குடிவந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் குடித்தனம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலா மில்லுக்கு மேலே இருந்த மாடியறையில். கீழே மிளகாய் அரைத்தால் மேலே எல்லாருக்கும் தும்மல் வரும். அந்த மாடியில் ஆறு குடும்பங்கள், ஒரே அடுப்படி. முன்னறையில் என் கணவரின் அண்ணன் குடும்பம். என் ஓரகத்தி பார்வதி அக்காவுக்கு நான்கு பிள்ளைகள்.

பார்வதி அக்கா கெட்டவர் இல்லை. கோயிலுக்குப் போனால் எனக்கென்று தனியாகத் திருநீறு மடித்து வருவார். ஆனால் அடுப்படியில் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பார். "ஏன் தனம், இந்த மாசமும் இல்லையா?"

இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் நிலைக்கவில்லை.

ஒருநாள் பக்கத்து அறைப் பெண்ணுக்கு வளைகாப்பு. சந்தனக் கிண்ணம் கை மாறி வந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள் என் தலைக்கு மேலாக அதை அடுத்தவரிடம் நீட்டினார். வேண்டுமென்று செய்தாரா, கை வாட்டத்துக்குச் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. என் கையில் சந்தனம் படவில்லை. அதுதான் நடந்தது.

அன்று அவர் வேலை முடிந்து வந்ததும், "எங்கயாச்சும் போயிடலாங்க" என்றேன்.

அவருக்குச் சாங்கியில் வெள்ளைக்காரர்களின் விமானத் தளத்தில் சாமான் கிடங்கு வேலை. அங்கே கூட வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் சொல்லித் தெம்பனிஸ் பக்கம் ஒரு தகரக்கூரை வீடு கிடைத்தது. சுற்றிலும் இடுப்பளவு லாலாங் புல். அதற்கப்பால் முள்ளும் கொடியும் குட்டை மரங்களுமாக ஒரு புதர்க்காடு. மலாய்க்காரர்கள் அதைப் பெலுக்கார் என்பார்கள். நடுநடுவே சீனர்களின் காய்கறித் தோட்டங்களும் பன்றிக் கொட்டகைகளும்.

கேள்வி கேட்க யாருமில்லை என்பது முதல் சில மாதங்கள் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தச் சத்தமின்மையே காதில் இரைய ஆரம்பித்தது. அவர் வேலைக்குப் போன பிறகு நான் வாய் திறந்து பேசினால் அது கோழியோடுதான்.

ஆ சோ

மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போன அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

தோட்டக்காரரின் மனைவியை எல்லாரும் ஆ சோ என்றுதான் கூப்பிடுவார்கள். சீனத்தில் அண்ணி என்பது போல ஒரு மரியாதை. எனக்கும் அதே பெயர்தான் தெரியும். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தலையாட்டியதோடு சரி. அன்று அவள் கங்கோங் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நல்ல வயிற்றுப்பிள்ளைக்காரி. கொடுத்த மூங்கிலைப் புருஷனும் பெண்டாட்டியும் திருப்பித் தூக்கி வருவதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது சந்தையில் பேசும் அரைகுறை மலாய் மட்டும். நான் கீறலைக் காட்டி, "அனாக் அடா" என்றேன். உள்ளே பிள்ளை இருக்கிறது.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டுத் தன் பெண்களைக் கத்திக் கூப்பிட்டாள். ஐந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒருமுறை டார்ச்லைட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓங்" என்றாள் ஆ சோ, கட்டைவிரலை உயர்த்தி. அதிர்ஷ்டமாம். வௌவாலும் அதிர்ஷ்டமும் சீனத்தில் ஒரே சத்தமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வௌவால் நுழைந்த வீடு பாழ் என்று பார்வதி அக்கா சொல்லிச் சொல்லிக் கேட்டவள் நான்.

புதரில் நிற்கும் மூங்கிலோடு எங்கள் கழியை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினோம். அந்தத் தாய் வௌவால் பின்னாலேயே வந்ததா, தானாக வழி கண்டுபிடித்ததா தெரியாது. சற்று நேரத்தில் ஒன்று வந்து கீறலில் தொற்றி உள்ளே நுழைந்ததை எல்லாரும் பார்த்தோம். கீச்சுச் சத்தம் அடங்கியது.

"லூ அனாக் பெராப்பா?" என்று கேட்டாள் ஆ சோ. உனக்கு எத்தனை பிள்ளை?

"தாடா" என்றேன். இல்லை.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து ஒரு பிடி கங்கோங் அறுத்து என் கையில் வைத்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது எங்கள் கழி காலியாக இருந்தது. ஆ சோவின் இரண்டாவது பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உயிருள்ள வேறொரு மூங்கிலில் இருந்த கீறலைக் காட்டினாள். தாய் இரண்டையும் மாரில் சுமந்து அங்கே குடிமாறிவிட்டதாம்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் என் கால் தானாக அந்தப் புதருக்குப் போகும். விளக்கு வைத்துவிட்டுப் போவேன். வானம் ஈயப் பாத்திரம் போல ஆகும் நேரத்தில் அவை ஒவ்வொன்றாகப் பிதுங்கி வரும். லாலாங் புல்லுக்கு மேலே தாழப் பறந்து ஈசலும் கொசுவும் பிடிக்கும். லெட்சுமி பெரியவளான பிறகு நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். ஒரு வண்டு மூங்கிலில் துளை போட, அது கீறலாகப் பிளந்துகொள்ளுமாம். அதற்குள் நுழைவதற்கென்றே இவற்றுக்குத் தலை தட்டையாம். பெரும்பாலும் இரட்டைக் குட்டிதான் போடுமாம்.

புத்தகம் சொன்னது எல்லாம் சரி. அவை திரும்பி வரும்போது உள்ளே இருப்பவை எப்படிக் கத்தும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கத்தல்தான் வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் நான் போனேன்.

புலி வருஷம்

ஆ சோவுக்கு மாதம் நெருங்கியது. ஒருநாள் புதரடியில் உட்கார்ந்திருந்தபோது அவளாகவே சொன்னாள். இது அவர்கள் கணக்கில் புலி வருஷம். ஆண் பிறந்தால் நல்லது. பெண் பிறந்தால் அப்பனுக்கு ஆகாது. கோயிலில் அருள் வந்தவர் அப்படித்தான் சொன்னாராம். போன மழையில் பன்றிகள் வரிசையாகச் செத்ததிலிருந்து தோட்டக்காரர் எதைக் கண்டாலும் பயந்துகொண்டிருந்தார்.

அவர் முரடர் இல்லை. ஐந்து பெண்களையும் சைக்கிளின் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு போவார். பயம், அவ்வளவுதான்.

"பெண்ணா இருந்தா?" என்று கேட்டேன்.

அவள் கையை வெளிப்பக்கமாக அசைத்துக் காட்டினாள். கொடுத்துவிட வேண்டும்.

பிறந்தது பெண்.

மூன்றாம் நாள் மத்தியானம் தோட்டக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி இல்லை. கையில் ஒரு துணி மூட்டை, அதை உடம்போடு சேர்க்காமல் தள்ளிப் பிடித்திருந்தார். முகத்தை லாலாங் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மூட்டைக்குள்ளிருந்து ஒரு சிறிய கை வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது.

"லூ மாவ்?" என்றார். உனக்கு வேண்டுமா?

என் கணவர் வேலையில் இருந்தார். யாரையும் கேட்க வழியில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளை வாருங்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

"மாவ்" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

யாரு பிள்ளை?

சாயங்காலம் அவர் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டிருந்தேன்.

"யாரு பிள்ளை இது?"

"நம்ம பிள்ளை."

"தனம்."

"ஆ சோ பிள்ளைங்க. வேணுமான்னு கேட்டாங்க. வேணும்னு சொல்லிட்டேன்."

சிங்கப்பூரில் அன்று இது கேள்விப்படாத விஷயம் இல்லை. தேக்காவிலேயே பொட்டும் பாவாடையுமாகச் சீனப் பெண் குழந்தைகள் தமிழ் வீடுகளில் வளர்ந்தார்கள். அவருக்கு அதில் தயக்கமில்லை. அவர் பயம் வேறு.

"தூரத்துலேருந்து வந்த பிள்ளைன்னா சரி. இது பக்கத்து வேலி. நாளைக்கு அந்தம்மா வந்து கேட்டா என்ன செய்வே?"

"கேக்கட்டும்."

"குடுத்துடுவியா?"

குழந்தையைக் காலிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விரலை எடுக்காமல் சாப்பிடத் தெரியாததால் அன்று அவர் வெகுநேரம் சாப்பிடவே இல்லை.

செய்தி கேட்டுப் பார்வதி அக்கா பஸ் பிடித்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பொறந்திருக்கா. லெட்சுமின்னு வை" என்று சொல்லித் தன் கழுத்திலிருந்த கறுப்பு மணிக் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கட்டினார். அதற்குப் பிறகு அவர் அடுப்படியில் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின.

வௌவால் நேரம்

ஆனால் லெட்சுமி டின் பால் குடிக்கவில்லை. புட்டியை வாயில் வைத்தால் துப்பினாள். சங்கில் புகட்டினால் கடைவாயில் வழிந்தது. கிளினிக் நர்ஸ் வேறு டின் மாற்றச் சொன்னார். மாற்றினோம். முதலில் ஓங்கி அழுதவள் பிறகு பூனைக்குட்டி போல முனக ஆரம்பித்தாள். உள்ளங்கால் சுருங்கிக்கொண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கால் வழக்கம்போல மூங்கில் புதருக்குப் போய்விட்டது. லெட்சுமி முனகினாள்.

புதருக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஆ சோ. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தலையில் துவாலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரவிக்கை நெஞ்சில் நனைந்திருந்தது. என் தோளிலிருந்து குழந்தையை எடுத்தாள். கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்து மாரில் அணைத்துக்கொண்டாள்.

லெட்சுமி குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மடக் மடக்கென்று.

தலைக்கு மேலே மூங்கில் கீறல்களிலிருந்து வௌவால்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஆ சோ கண்ணை மூடியிருந்தாள். என் கை இரண்டும் சும்மா இருந்தன. எங்கே வைப்பதென்று தெரியாமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படி ஆரம்பித்தது. தினமும் வௌவால் கிளம்பும் நேரம்தான் எங்கள் நேரம். தோட்டக்காரர் அப்போதுதான் பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போவார். அந்தக் குழந்தை வீட்டுப்படி மிதிக்கக்கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. புதர் வீடு இல்லையே. பகலில் கஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் பாலுமாக நான் ஒப்பேற்றுவேன். சாயங்காலம் அவள் வயிறு நிறையும். மெல்ல மெல்லக் கன்னத்தில் சதை வைத்தது.

வெகுநாள் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். பன்றிக்குத் தீனி வைக்க அவ்வளவு நேரம் ஆகாது. வேலையை முடித்துத் திரும்பும் முன்பு அவர் ஒவ்வொரு நாளும் காலி வாளியைக் கம்பால் ஓங்கித் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் ஆ சோ ரவிக்கையைச் சரி செய்துகொண்டு எழுவாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ஆ சோவை விரும்பினேன், அவளைக் கண்டு எரிந்தும் போனேன். இரண்டையும் ஒரே மனது செய்தது. லெட்சுமி அவள் மாரில் கண் செருகிக் கிடப்பாள். என்னிடம் திரும்பி வந்ததும் என் கழுத்தடியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்குவாள். அந்தத் தூக்கம்தான் எனக்குக் கிடைத்த பங்கு. வீடு வரும்வரை அதைச் சுமந்து வருவேன்.

"வீட்டுல சிரிக்கிறாளா?" என்று ஒருநாள் கேட்டாள் ஆ சோ.

"சிரிக்கிறா."

"எப்படி?"

நான் சிரித்துக் காட்டினேன். அவளும் அதேபோலச் சிரித்துப் பார்த்துக்கொண்டாள். லெட்சுமி என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "லெச்சிமீ, லெச்சிமீ" என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

லெட்சுமிக்குப் பல் முளைத்துச் சோறு இறங்க ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் ஆ சோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் வேலியோரம் போய் நின்றேன். பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சூடா பெசார்" என்றாள். வளர்ந்துவிட்டாள். பிறகு என்னைச் சுட்டி, "லூ அனாக்" என்றாள். உன் பிள்ளை.

திரும்பக் களை பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் பயந்தது நடக்கவில்லை. அவள் எதையும் கேட்கவில்லை. அன்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

மணல் தோண்டியபோது

சில வருடங்களில் அந்தப் பக்கமெல்லாம் மணல் தோண்ட ஆரம்பித்தார்கள். லாரிகள் வந்தன. தோட்டக்காரர்களுக்குப் புக்கிட் பாஞ்சாங் பக்கம் மாற்று இடம் என்று பேச்சு வந்தது. ஒருநாள் காலையில் ஆ சோ வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. கடைசியாகக் கோழிக்கூடை ஏறியது. ஆ சோ எங்கள் வாசலுக்கு வந்தாள். லெட்சுமி கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கவில்லை, தொடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே மூங்கில் புதரையும் சாய்த்தார்கள். பட்டப்பகல். இயந்திரம் வேரோடு தள்ளியதும் மூங்கில்கள் வெடித்துப் பிளந்தன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவை வெயிலில் சிதறிப் பறந்தன. எங்கே போவதென்று தெரியாமல் எங்கள் தகரக்கூரையில் மோதின. காக்கைகள் கூட்டமாக வந்துவிட்டன. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காக்கைகளை விரட்டினேன். எத்தனையை விரட்ட முடியும்?

அவர் வேலை முடிந்து வந்ததும் நாலைந்து மூங்கிலை இழுத்து வந்து எங்கள் பலா மரத்தில் நிமிர்த்திக் கட்டினார். ஒருவேளை வரும் என்று நினைத்தோம். மூங்கில் காய்ந்து வெளுத்ததுதான் மிச்சம். சாயங்காலம் ஆனால் லெட்சுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா வரல?" என்பாள். அவள் வௌவாலைத்தான் கேட்டாள்.

பிறகு நாங்களும் நகரப் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். அங்கே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், துணி காய. எல்லாம் காய்ந்த மூங்கில்.

புக்கிட் பாஞ்சாங்

லெட்சுமிக்கு நான் எதையும் மறைத்ததில்லை. கண்ணாடி பார்க்கத் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டால், "எனக்கு ரெண்டு அம்மா, ஒரு அம்மா தோட்டத்துல இருக்காங்க" என்று சொல்லிவிடுவாள். முதல் வகுப்பு முடியும் சமயம் ஒருநாள் கேட்டாள். "அந்தத் தோட்டத்து அம்மாவைப் பார்க்கலாமா?"

தேக்காவில் கீரை விற்கும் சீனர் ஒருவரிடம் விசாரித்து இடம் தெரிந்துகொண்டேன். போவதற்கு முந்தின நாள் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அவளுடைய வெள்ளைக் காலுறையை இரண்டு தடவை துவைத்தேன். அங்கே ஐந்து அக்காமார் இருக்கிறார்கள், வாத்து இருக்கிறது, ஓடி விளையாட இடம் இருக்கிறது. இங்கேயே இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டால்?

இரண்டு பஸ் மாறிப் போனோம். இறங்கிச் சேற்றுப் பாதையில் நடந்தோம். ஆ சோ வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் பார்த்தாள். தவிட்டுக் கையோடு எழுந்து நின்றாள்.

"லெச்சிமீ" என்றாள், சரியாகப் பழகிய பெயர் போல.

அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. லெட்சுமிக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும். ஆ சோவுக்குத் தன் சீனமும் உடைந்த மலாயும். ஆ சோ குழந்தையின் காலைப் பார்த்தாள். சப்பாத்தெல்லாம் சேறு. குழாயடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, சப்பாத்தைக் கழற்றி, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். லெட்சுமி காலை இழுக்கவில்லை.

தோட்டக்காரர் ஒரு பம்ப்ளிமாஸ் பழத்தைக் கொண்டுவந்தார். தானே தோலை உரித்து, சுளையை நார் எடுத்து, லெட்சுமியின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். மூத்த பெண் இங்கிலீஷ் கற்றிருந்தாள். அவள் மூலமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நன்றாகப் படிக்கிறாளா?

"நல்லா படிக்கிறா" என்றேன். மூத்தவள் அதைச் சீனத்தில் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஆனதும் லெட்சுமி தானாக வந்து என் கையைப் பிடித்தாள். "போலாமாம்மா? நாளைக்கு ஸ்பெல்லிங் டெஸ்ட் இருக்கு."

பஸ் நிற்கும் இடம்வரை ஆ சோ கூட வந்தாள். பஸ் வந்தது. அவள் லெட்சுமியின் தலையில் ஒருமுறை கை வைத்து எடுத்தாள். நாங்கள் ஏறினோம். லெட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து, மீதிப் பழத்தை மடியில் வைத்து, நாரை நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க நான் பயந்தது நடக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் என்னோடுதான் வருகிறாள். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பஸ் நகர்ந்தது. வெளியே ஆ சோ வைக்கோல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு ஜன்னலாக அவள் கண் எங்களைத் தேடியது.

"லெட்சுமி, கை ஆட்டும்மா" என்றேன்.

"ம்" என்றாள். அவள் முழுக் கவனமும் சுளையில் இருந்தது. ஏழு வயதுக் குழந்தை. அவளுக்கு என்ன தெரியும்?

நான் அவளைத் தாண்டிக் குனிந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். ஆ சோ பார்த்துவிட்டாள். தொப்பியை உயர்த்தினாள். சாலை வளைந்து அவள் மறையும்வரை என் மகளுக்கும் சேர்த்து நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.